அசலைத் தேடும் பெடல்: சுழல் ஒலிபெருக்கியின் நகல்கள் குறித்து

மேசை விசிறிக்கு முன்னால் முகத்தை வைத்து 'ஆ' என்று நீட்டிப் பார்க்காத குழந்தை இந்தியாவில் அரிது. இறக்கைகள் குரலை வெட்டித் திருப்பி அனுப்ப, நேராகச் சென்ற சுரம் நடுங்கத் தொடங்குகிறது. விசிறியை அணைத்தால் அந்த நடுக்கம் சட்டென்று நிற்பதில்லை. தளர்ந்து, அகன்று, மெல்ல அடங்குகிறது. கிட்டார் கலைஞர்கள் பெரும்பொருள் செலவிட்டுத் தேடும் ஒலி விளைவுகளுள் ஒன்று இதற்கு நெருங்கிய உறவு. சுழல் ஒலிபெருக்கி என்பது கருவியின் பொதுப்பெயர். லெஸ்லி என்பது அதை உருவாக்கியவரின் பெயர். இன்று அதுவே கருவிக்கும் பெயராகிவிட்டது. அந்தப் பெரிய மரப்பெட்டியின் ஒலியைக் காலடியில் அடங்கும் சிறு பெட்டிக்குள் கொண்டுவரும் முயற்சியே சுழல் ஒலிப் பெடல்.

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் இசைக்குழு நடத்தும் மாணவர்களிடையே இந்தப் பெடல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கேள்வி முன்வைக்கப்படுகிறது: எது அசலுக்கு மிக நெருக்கமானது? பொறுப்பான கேள்வி போலத் தோன்றினாலும் அது தவறான கேள்வி. கேட்பவர்களில் பெரும்பாலோர் அசலின் முன் ஒருமுறைகூட நின்றதில்லை என்பது முதற்காரணம். அசல் என்று சொல்லப்படுவதே ஒன்றல்ல, பல என்பது இரண்டாவது காரணம். அந்த அசலும் வேறொன்றின் நகலாகப் பிறந்தது என்பது மூன்றாவது.

இதைப் பொழுதுபோக்காளர்களின் நுண்பிணக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்வின்வழி உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கிடைப்பது 8,000 ரூபாய். இறக்குமதியாகும் உயர்தரச் சுழல் பெடல் ஒன்றின் விலை முதலாமவரின் ஒரு மாத வாழ்வையும் இரண்டாமவரின் பல மாத வாழ்வையும் விழுங்கக்கூடியது. தவறான கேள்விக்கு விடை தேடி இவ்வளவு தொகையைச் செலவிடுவது வருந்தத்தக்கது.

முதலில் பிறப்பு வரலாறு. லாரன்ஸ் ஹாமண்ட் 1935-இல் தம் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான குழல்கள் கொண்ட ஆர்கனை நிறுவ வசதியில்லாத சிறு தேவாலயங்களும் இல்லங்களும் அதன் இலக்கு. குழல்களின் இடத்தில் பல்விளிம்புச் சக்கரங்கள் காந்தச் சுருள்களின் முன் சுழன்று மின்னலைகளை எழுப்பின. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டொனால்ட் லெஸ்லி கடையின் பெரிய கூடத்தில் அதைக் கேட்டு மயங்கினார்; வீட்டின் சிறிய அறையில் வைத்துக் கேட்டபோது அதே கருவி அவருக்கு உயிரற்றதாகப் பட்டது. குழல் ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு இடத்திலிருந்து பிறக்கிறது. காற்றின் சிறு அசைவுகளும் மண்டபத்தின் எதிரொலியும் அதில் கலக்கின்றன. மின் ஆர்கனிலோ எல்லாச் சுரங்களும் ஒரே பெட்டியிலிருந்து, அசையாமல் வந்தன. ஒலி பிறக்கும் இடத்தையே சுழலவிட்டால் என்ன என்பதே லெஸ்லி கண்ட விடை. அவர் அதை ஹாமண்ட் நிறுவனத்தாருக்குக் காட்டினார், அவர்கள் ஏற்கவில்லை. 1940களின் தொடக்கத்தில் அவரே தனியாகத் தயாரிக்கத் தொடங்கினார். ஜாஸ், காஸ்பெல் கலைஞர்கள் ஹாமண்ட் ஆர்கனையும் லெஸ்லி பெட்டியையும் சேர்த்தே வாங்கினார்கள்.

ஆக, குழல் ஆர்கனின் நகல் ஹாமண்ட். அந்த நகலில் விடுபட்டதை ஈடுசெய்ய வந்த இன்னொரு நகல் முயற்சி லெஸ்லி. அந்த முயற்சி தோற்றது என்றே சொல்ல வேண்டும். லெஸ்லி வழியாக வரும் ஒலியை எவரும் குழல் ஆர்கன் என்று மயங்குவதில்லை. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து, அதற்குமுன் எந்தக் கருவியிலும் இல்லாத ஒரு குரல் பிறந்தது. இன்றைய பெடல் அந்தக் குரலின் நகல்.

அக்குரலின் இயக்கத்தை அறிந்துகொண்டால் தேர்வு பாதி எளிதாகிவிடும். புகழ்பெற்ற 122 மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். வால்வுகளால் இயங்கும் 40 வாட் ஒலிமிகைப்பி ஒன்று அதனுள் இருக்கிறது. வரும் ஒலி 800 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. மேற்பகுதி, பெட்டியின் உச்சியில் சுழலும் கொம்பு வழியாக வெளியேறுகிறது. பார்வைக்கு இரண்டு கொம்புகள் இருந்தாலும் ஒலிப்பது ஒன்றே. மற்றது எடைச் சமநிலைக்காக வைக்கப்பட்டது. கீழ்ப்பகுதி, தரையை நோக்கிய 15 அங்குல ஒலிபெருக்கியிலிருந்து சுழலும் உருளை ஒன்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சிதறுகிறது. கொம்பும் உருளையும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன.

வேகநிலையில் கொம்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 முறை சுற்றுகிறது. கொம்பின் வாய் அச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், அது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் கேட்பவரை நோக்கி வந்து விலகுகிறது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் முன்வைத்த விதியின்படி, சுருதி இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறி, அதே அளவு இறங்கும். அரைச்சுரம் ஒன்றின் பாதியை அது எட்டுவதில்லை. மந்த நிலையில் இந்த அசைவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, சுருதி மாற்றமாக அல்லாமல் ஒலியின் மெல்லிய அலைவாகவே உணரப்படும். 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் ஊதுகருவிக் கலைஞர்களைத் தொடர்வண்டியில் ஏற்றி இதே விதியைச் சோதித்தார். தெருவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கடந்துபோகும்போது எவரும் அதே சோதனையை இன்றும் செய்து பார்க்கலாம். லெஸ்லி பெட்டியில் இதனுடன் ஒலியளவின் ஏற்ற இறக்கமும், தொனியின் மாற்றமும், சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்கின்றன.

எனினும் இக்கருவியின் உயிர் அந்த இரு வேகங்களில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைவெளியில் இருக்கிறது. கொம்பு இலகுவானது, ஏறத்தாழ ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். உருளை கனமானது, அதற்குப் பல நொடிகள் தேவை. அந்தச் சில நொடிகளில் மேலொலி ஒரு வேகத்திலும் கீழொலி வேறொரு வேகத்திலும் சுழன்று, ஒன்றையொன்று துரத்துகின்றன. கலைஞர் செய்வது ஒரு சுவிட்சைத் தட்டுவது மட்டுமே. மீதியை நிலைமம் பார்த்துக்கொள்கிறது. ஒரு வாக்கியத்தின் முடிவில், நீண்டு நிற்கும் சுரத்தின் மேல் அந்தச் சுவிட்சைத் தட்டும் தருணத்தை அறிவதே ஆர்கன் கலைஞரின் தேர்ச்சிக்கு அளவுகோலாகக் கருதப்பட்டது.

இந்தியாவில் இதை நேரில் கேட்பது ஏன் அரிது என்பதற்கும் இயற்பியலே ஒரு காரணம். அந்தப் பெட்டியின் எடை 60 கிலோவுக்கு மேல். அதன் மோட்டார்களின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்திய மின்சாரம் 50. ஹாமண்ட் ஆர்கனின் நிலையோ இன்னும் விந்தையானது. அதன் சுருதியே ஒத்தியங்கு மோட்டாரின் சுழற்சியில் அடங்கியிருப்பதால், அமெரிக்காவுக்கென்று செய்த கருவியை இங்கே மின்னழுத்தத்தை மட்டும் மாற்றி ஓட்டினால், எல்லாச் சுரங்களும் ஆறுக்கு ஐந்து என்னும் விகிதத்தில் இறங்கிவிடும். கர்நாடக இசையின் சொற்களில், சாதாரண காந்தாரத்திலிருந்து சட்ஜம் வரையிலான தொலைவு அது. ஏற்றுமதிக்கென 50 ஹெர்ட்ஸ் கருவிகள் செய்யப்பட்டன. ஆனால் அவற்றை வரவழைப்பதும் பராமரிப்பதும் எளிதாக இருந்ததில்லை.

எனவே இந்திய மாணவரின் நினைவில் உள்ள லெஸ்லி, இசைத்தட்டின் லெஸ்லி. 1966-இல் பீட்டில்ஸ் குழு 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலில் ஜான் லெனனின் குரலை அதன் வழியே செலுத்தியது. 1969-இல் வெளிவந்த கிரீம் குழுவின் 'பேட்ஜ்' பாடலில் கிட்டார் அதன் வழியே சுழன்றது. இவற்றைக் கேட்டு வளர்ந்தவர் கேட்டது பெட்டியை அல்ல. பெட்டியின் முன் நிறுத்தப்பட்ட ஒலிவாங்கிகளை. கொம்புக்கு இருபுறமும் இரண்டு, உருளைக்கு ஒன்று என்று வைத்து, இடத்தையும் தொலைவையும் ஒலிப்பதிவுப் பொறியாளர் தேர்ந்தெடுத்த பிறகு உருவான ஒலி அது. நேரில் கேட்பவரைச் சூழும் அறையின் சுழற்சி, இசைத்தட்டில் இடது வல ஊசலாட்டமாகச் சுருங்கியிருக்கிறது.

பெடல்களும் இதை ஒளிப்பதில்லை. ஸ்ட்ரைமன் நிறுவனத்தின் லெக்ஸ், ஜெர்மனியின் நியோ இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் செய்யும் வென்டிலேட்டர் போன்ற உயர்தரப் பெடல்களில் ஒலிவாங்கியின் தொலைவைக் குறிக்கும் அமைப்பு உண்டு. அறையில் நிற்கும் மரப்பெட்டியில் அப்படியொரு திருகு இல்லை. பெடல் போலி செய்வது ஒலிப்பதிவு செய்யப்பட்ட லெஸ்லியை என்பதற்கு அந்தத் திருகே சான்று. இசைத்தட்டின் வழியே மட்டும் இவ்வொலியை அறிந்த ஒருவர், அசலைக் கேட்டதில்லை என்று கூச்சப்பட வேண்டியதில்லை. பெடலை மதிப்பிடத் தேவையான அசல் அவர் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

இனி, கிட்டாருக்கு எது அசல் என்ற கேள்வி. இங்கே குறைந்தது மூன்று மூதாதையர் உண்டு. முதலாவது, மேலே கண்ட கொம்பும் உருளையும் கொண்ட ஆர்கன் பெட்டி. இரண்டாவது, 1960களின் பிற்பகுதியில் ஃபெண்டர் வெளியிட்ட வைப்ராடோன். லெஸ்லியின் நிறுவனத்தை 1965-இல் வாங்கிய சி.பி.எஸ்.தான் அப்போது ஃபெண்டரின் உரிமையாளரும். அதனால் இந்தக் கலப்பு நிகழ்ந்தது. வைப்ராடோனில் கொம்பு இல்லை. 10 அங்குல ஒலிபெருக்கியின் முன் இலகுவான உருளை ஒன்று மட்டுமே சுழலும். ஒலி வட்டமாக, சற்று மங்கலாக, நடுத்தரச் சுரங்களில் செழிப்பாக இருக்கும். 1984-இல் வெளிவந்த ஸ்டீவி ரே வானின் 'கோல்ட் ஷாட்' பாடலின் கிட்டார் அதற்கு உதாரணம். மூன்றாவது, ஜப்பானில் ஃபூமியோ மியெதா வடிவமைத்த யூனி-வைப். அதில் சுழலும் பாகம் ஏதுமில்லை. விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு ஒன்று ஒளியுணர் மின்தடைகளைத் தூண்ட, அலையின் கட்டம் மாறுகிறது. 1969-இல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாரில் துடித்தது அதுதான்.

ஹெண்ட்ரிக்ஸின் துடிப்பை விரும்பும் ஒருவர், லெஸ்லி 122-ஐத் துல்லியமாகப் போலி செய்யும் விலையுயர்ந்த பெடலை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். பெடல் பிழை செய்ததாக ஆகாது. வேறு மூதாதையின் பிள்ளையை அழைத்து வந்திருக்கிறார், அவ்வளவே. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் லெஸ்டர் என்ற பெயரில் விசைப்பலகைக்கு ஒன்றும் கிட்டாருக்கு ஒன்றுமாக இரண்டு பெடல்களை வெளியிட்டது இந்த வேறுபாட்டை உணர்ந்துதான். கடைக்குப் போகும் முன் தீர்க்க வேண்டிய முதல் வினா இது: எந்தப் பாடலில், எந்த இடத்தில் கேட்ட ஒலி வேண்டும்?

அது தெளிவானபின் நான்கு சோதனைகள் போதும்.

முதல் சோதனை வேக மாற்றம். ஒரு கூட்டுச்சுரத்தை மீட்டி ஒலிக்கவிட்டு, வேகச் சுவிட்சை மிதித்துக் கேட்க வேண்டும். மேலொலி முந்தி, கீழொலி பிந்தி வந்தால் அந்தப் பெடலுக்குள் நிலைமம் இருக்கிறது. முழு ஒலியும் ஒரே சீராக வேகம் கூடினால், அது அலைவு மட்டுமே. வேகம் ஏறும் கால அளவைத் தனியே மாற்ற வழி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். மெதுவான பாடலுக்கும் விரைவான பாடலுக்கும் ஒரே ஏற்றம் பொருந்தாது. வேகச் சுவிட்ச் காலுக்கு எட்டும் இடத்தில் தனியாக இல்லாத பெடல், மற்ற எல்லாச் சிறப்புகளும் இருந்தாலும் ஒதுக்கத்தக்கது. வாசிப்பவர் இந்த ஒலியுடன் உரையாடும் ஒரே வாயில் அது.

இரண்டாவது, மோனோவில் கேட்பது. விளம்பரக் காணொளிகள் பெரும்பாலும் ஸ்டீரியோவில் பதிவானவை. காதணி ஒலிபெருக்கியில் அவை தலையைச் சுற்றி வரும். கல்லூரி விழா மேடையில் கிட்டார் பெருக்கியின் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் ஒற்றை ஒலிவாங்கி. அங்கே இட வல ஊசலாட்டம் மறைந்துபோகும். எஞ்சுவது சுருதி அசைவும் ஒலியளவின் ஏற்ற இறக்கமும். இரண்டு பெருக்கிகளை மேடையேற்றும் வாய்ப்பு இல்லாதவர் ஸ்டீரியோவுக்காகக் கூடுதல் விலை தருவது வீண்.

மூன்றாவது, பெடல் வரிசையில் அதன் இடம். அசல் பெட்டியில் வால்வுப் பெருக்கியின் கரகரப்பு முதலில் உருவாகி, அதன்பிறகே ஒலி சுழல்கிறது. ஆகவே ஓவர்டிரைவ் பெடல் முன்னாலும் சுழல் பெடல் பின்னாலும் இருப்பதே முறை. கிட்டார் பெருக்கியையே கரகரக்க வைத்து வாசிப்பவர், சுழல் பெடலை அதற்கு முன் இணைத்தால், ஒலியளவின் ஏற்ற இறக்கம் பெருக்கியில் நசுங்கித் தட்டையாகும். விலை உயர்ந்த பெடல்களைப் பற்றிய பல குறைகளுக்குக் காரணம் பெடல் அல்ல, இந்த வரிசைப் பிழை. பெருக்கியைத் தெளிவாக வைத்துக்கொள்வதோ, எஃபெக்ட் லூப் வழியே இணைப்பதோ செலவில்லாத தீர்வு.

நான்காவது, மின்சாரம். சாதாரண ஓவர்டிரைவ் பெடல் சில மில்லி ஆம்பியரில் ஓடிவிடும். டிஜிட்டல் சுழல் பெடல் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே அடாப்டரில் கோத்தால் மேடையில் முதலில் கேட்பது இரைச்சலாகவே இருக்கும். பெடலின் விலையோடு தனி மின்வழங்கியின் விலையையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். துல்லியத்தைக் கைவிட்டால் ரசனையே தளர்ந்துவிடாதா? மலிவான கோரஸ் பெடலே போதும் என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்லாதா? சில வேளைகளில், ஆம், போதும். ஒரு பாடலின் பின்னணியில் மந்தமான அலைவு மட்டும் தேவை என்றால் கோரஸோ ஃபேசரோ அந்தப் பணியைச் செய்துவிடும். ஏற்கெனவே கையில் உள்ள மல்டி-எஃபெக்ட் கருவியில் சுழல் ஒலி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே அறிவுடைமை, பலவற்றில் இருக்கிறது. ஆனால் வேக மாற்றம் இசையின் பகுதியாக வேண்டும் என்றால் கோரஸ் பெடல் எவ்வளவு நல்லதானாலும் பயன்படாது. ரசனையைக் கைவிடுமாறு இங்கே கூறப்படவில்லை. ரசனை கவனிக்க வேண்டிய இடம் எது என்பதே சுட்டப்படுகிறது.

அசல் என்ற சொல்லை அதிகாரத்தின் கோலாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய இசை வரலாறே சான்று தரும். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லவும் கமகத்தை ஏந்தவும் அதன் கட்டைகளால் இயலாது என்பது முதன்மைக் குற்றச்சாட்டு. ஒலியியல் நோக்கில் அந்தக் குற்றச்சாட்டு பொய்யன்று. தடை 1971 வரை நீடித்து, அதன்பின் படிப்படியாகத் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கவ்வாலியிலும் பஜனையிலும் நாடக மேடையிலும் இந்துஸ்தானிக் கச்சேரிகளிலும் ஆர்மோனியம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. கருவியால் இயலாததை அதிகாரிகள் பட்டியலிட்டார்கள். இயலுவதைக் கலைஞர்கள் கண்டுகொண்டார்கள். லெஸ்லியின் பெட்டியை ஹாமண்ட் நிறுவனம் மறுத்தபோதும் நடந்தது ஏறத்தாழ இதுவே.

இன்றைய மாணவரின் விடுதி அறையில் அந்த அதிகாரி வேறு உருவில் வருகிறார். கடல் கடந்த ஒரு மரப்பெட்டியை அளவுகோலாக நிறுத்தி, அதை நெருங்க நெருங்க விலையை ஏற்றி, நெருங்க இயலாதவரைத் தாழ்வுணர்ச்சியில் ஆழ்த்துகிறார். அவரது சொல்லைக் கேட்டு உதவித்தொகையை ஒப்படைக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவின் லால்பஜார் இசைக்கருவிக் கடைகளிலோ, தத்தம் ஊரின் கடையிலோ, சொந்தக் கிட்டாருடன் சென்று, தம் குழு வாசிக்கும் ஒரு பாடலை மோனோவில் வாசித்து, சுவிட்சை இருமுறை மிதித்துப் பார்த்தால் போதும். அந்தப் பாடலில் அந்த இடத்தில் கால் தானாகச் சுவிட்சைத் தேடினால் வாங்கலாம். இரண்டு பாடல்களுக்கு மட்டுமே தேவை என்றால் நண்பரிடம் இரவல் பெறலாம். காலுக்கு வேலையே இல்லையென்றால், அசலுக்கு எத்தனை நெருக்கமாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவரலாம்.